மீண்டும் ஓடுமுன் அறிய வேண்டுவன

தோற்றுவாய்

"ஐயா, வலி நின்றுவிட்டது. நாளையிலிருந்து ஓடலாமா?"

எம் துறையில் இளங்கலை இரண்டாம் ஆண்டு பயின்ற மாணவர் ஒருவர் சென்ற ஆண்டு எம்மிடம் கேட்ட வினா இது. அவர் 1500 மீட்டர் ஓட்டத்தில் மாவட்ட அளவில் பரிசு பெற்றவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரியில் சேர்ந்தவர். கட்டணச் சலுகையும் அவ்வழியே பெற்று வந்தவர். கணைக்கால் எலும்பில் தோன்றிய வலியால் 3 வாரங்கள் ஓடாமல் இருந்தார். கல்லூரிகளுக்கிடையேயான போட்டிக்கு 12 நாள்களே எஞ்சியிருந்தன. அவ்வினாவிற்கு ஒரு சொல்லில் விடை கூற எம்மால் இயலவில்லை. ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன்னர் இதே வினாவை எம்மையே கேட்டுக்கொண்டு, தவறான விடையைத் தேர்ந்து, அதன் பயனை நெடுநாள் நுகர்ந்தவர் யாம். அம்மாணவருக்குக் கூறியவற்றையும், அவர்பொருட்டுப் பயின்றறிந்தவற்றையும் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தமிழ்த்துறை மலரில் ஓட்டத்தைப் பற்றிய கட்டுரைக்கு இடம் உண்டோ எனச் சிலர் ஐயுறலாம். அறிவுத்துறை எதுவாயினும் அதனைத் தாய்மொழியில் தெளிவுற மொழிதல் தமிழாசிரியர் கடமைகளுள் ஒன்று என்பது எம் கருத்து. அன்றியும், திருக்குறளில் 'மருந்து' என்னும் 95ஆம் அதிகாரத்தின் நிறைவுக் குறள், மருத்துவத்தை நோயுற்றவர், மருத்துவர், மருந்து, உடனிருந்து பேணுவோர் என நான்காகப் பகுத்துக் காட்டுகிறது. ஓடுகளத்தில் காயமுற்றவருக்கும் இந்நான்கும் பொருந்தும். முதல் மூன்றைப் பற்றிப் பலரும் பேசுகின்றனர். நான்காவதைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அதனை இறுதியில் காண்போம்.

யாம் மருத்துவர் அல்லேம். ஈண்டுக் கூறப்படுவன விளையாட்டு மருத்துவத்தில் பொதுவாக ஏற்கப்பட்ட நெறிகள். மருத்துவர் நேரில் ஆய்ந்து கூறும் அறிவுரைக்கு இவை மாற்றாகா.

வலி வேறு, காயம் வேறு

கல்லூரிப் பருவத்தில் யாமும் ஓடினோம். கணைக்காலின் உட்புறத்தில், விரல் நுனியால் தொட்டுக் காட்டத்தக்க ஓரிடத்தில் வலி தோன்றியது. முதலில் ஓடிய பின்னர் மட்டும் வலித்தது. பின்னர் ஓடும்போதே வலித்தது. இறுதியில் மாடிப்படி ஏறும்போதும் வலித்தது. எண்ணெய் தேய்த்தோம், துணியை இறுகச் சுற்றினோம். 10 நாள் ஓடாதிருந்தபோது வலி நின்றது. நலம்பெற்றோம் எனக் கருதிப் பந்தயத்தில் இறங்கினோம். மூன்றாம் சுற்றில் கால் ஊன்ற இயலாமல் விழுந்தோம். எலும்பில் கீறல் விழுந்திருந்தமை அதன் பின்னரே தெரிந்தது. அவ்வாண்டும் மறு ஆண்டும் ஓட்டம் இல்லை. கால் ஆறிய பின்னரும் அச்சம் ஆறவில்லை. 20 ஆண்டுகள் யாம் ஓடவே இல்லை.

யாம் செய்த பிழை யாது? வலி நின்றதைக் காயம் ஆறியதாகக் கொண்டதே பிழை. வலி என்பது உடல் அனுப்பும் எச்சரிக்கை. சுமையை நீக்கியதும் எச்சரிக்கை நின்றுவிடும். ஆனால் சிதைந்த இடம் முழு வலுவுடன் கட்டப்பெற்றது என்பதற்கு அது சான்றாகாது. புதிதாகக் கட்டிய சுவரின் மேற்பூச்சு ஒரு நாளில் உலர்ந்துவிடும். உட்பகுதி இறுக இன்னும் பல நாள் நீர் ஊற்ற வேண்டும் என்பதைக் கொத்தனார் அறிவார். உடலின் கட்டுமானமும் அத்தகையதே.

இவ்வகை எலும்புக் கீறல் புதியதன்று. பிரஷ்ய நாட்டுப் படை மருத்துவர் பிரைத்தௌப்ட் என்பார் 1855ஆம் ஆண்டிலேயே, நெடுந்தொலைவு அணிவகுத்து நடந்த வீரர்களின் பாதங்களில் வீக்கமும் வலியும் தோன்றுவதைப் பதிவு செய்தார். 1895இல் எக்ஸ் கதிர்கள் கண்டறியப்பட்ட பின்னரே அது எலும்பின் கீறல் எனப் புலனாயிற்று. ஒரே அடியால் முறிவதன்று இது. சிறுசிறு அழுத்தங்கள் ஆயிரக்கணக்கில் திரும்பத் திரும்ப விழுவதால் நேர்வது. ஆதலின் இதனை அழுத்த முறிவு என்பர். தொடக்கத்தில் 2 அல்லது 3 வாரங்கள் வரை இக்கீறல் சாதாரண எக்ஸ்ரே படத்தில் தெரியாமற் போவதும் உண்டு. 'படத்தில் ஒன்றுமில்லை' என்ற சொல்லை நம்பி ஓடி, முழு முறிவுக்கு ஆளானோர் உளர். ஐயம் எழும்போது எம்.ஆர்.ஐ. படமே தெளிவு தரும்.

உறுப்புகள் ஒரே வேகத்தில் ஆறுவதில்லை

எலும்பு உயிரற்ற தூண் அன்று. பழைய திசுவை அகற்றிப் புதியதைப் படியச் செய்யும் பணி அதனுள் ஓயாது நடைபெறுகிறது. எலும்பு தன்மீது விழும் சுமைக்கேற்பத் தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது என்னும் கோட்பாட்டை ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் 1892இல் விரிவாக வெளியிட்டார். சுமை அறவே இல்லையேல் எலும்பு மெலியும். அளவான சுமை அதனை வலுவாக்கும். ஆறுவதற்கு இடைவெளியின்றிச் சுமை கூடினால் கீறல் விழும். இம்மூன்றையும் நினைவிற்கொண்டால் மீள்பயிற்சியின் அடிப்படை விளங்கிவிடும்.

காயம் ஆறும் காலம் உறுப்புக்கு உறுப்பு வேறுபடும். தசையில் குருதியோட்டம் மிகுதி. ஆதலின் சிறிய தசைப் பிடிப்பு 2, 3 வாரங்களில் ஆறக்கூடும். கணைக்கால் எலும்பின் எளிய அழுத்த முறிவுக்குப் பொதுவாக 6 முதல் 8 வாரங்கள் வேண்டும். சில இடங்களில் நேரும் முறிவுக்கு அதனினும் மிகுந்த காலம் வேண்டும். கெண்டைக்கால் தசையைக் குதிகால் எலும்போடு பிணைக்கும் குதிகால் தசைநாணில் குருதியோட்டம் குறைவு. அது நலிவுற்றால் 3 மாதங்களும் அதற்கு மேலும் ஆகலாம். ஆனால் இதயமும் நுரையீரலும் பயிற்சிக்கு விரைந்து இணங்குவன. இங்கேதான் இடர் தோன்றுகிறது. ஓய்வுக்குப் பின் சில நாள் பயிற்சியிலேயே மூச்சு சீராகிவிடும். 'இன்னும் ஓடலாம்' என்று உள்ளம் தூண்டும். மூச்சு இடங்கொடுத்தாலும் எலும்பும் நாணும் இடங்கொடா.

ஓட்டத்தின் சுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். ஓடும்போது ஒவ்வோர் அடியிலும் தரை நம் காலின்மீது செலுத்தும் விசை உடல் எடையைப் போல் 2 முதல் 3 மடங்கு ஆகும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் காலில் 120 முதல் 180 கிலோ வரையிலான சுமை விழுகிறது என்பது பொருள். குதிகால் தசைநாண் தாங்கும் இழுவிசை இதனினும் பெரிது. நிமிடத்திற்கு 160 அடி என்று கொண்டால், 30 நிமிட ஓட்டத்தில் ஒவ்வொரு காலும் 2,400 முறை இச்சுமையைத் தாங்க வேண்டும். ஆறாத எலும்பை இத்தனை முறை சோதிப்பது அறிவுடைமை ஆகாது.

வீரர் வாழ்வில் கண்டவை

சீன நாட்டின் லியு சியாங் 2004ஆம் ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 110 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தில் தங்கம் வென்றவர், 2006இல் 12.88 நொடியில் ஓடி உலக சாதனை படைத்தவர். 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள், தம் நாட்டின் தலைநகரில் நடைபெற்ற ஒலிம்பிக்கில், குதிகால் தசைநாண் வலியால் முதற்சுற்றிலேயே களத்தைவிட்டு வெளியேறினார். நாடே காத்திருந்தும் நாண் காத்திருக்கவில்லை. அறுவை மருத்துவம் செய்துகொண்டு, 2009 செப்டம்பரில்தான் அவர் போட்டிக்குத் திரும்பினார். 2011இல் உலகப் போட்டியில் வெள்ளி பெறும் அளவிற்கு மீண்டார். எனினும் 2012இல் இலண்டன் ஒலிம்பிக்கில் முதல் தடையிலேயே விழுந்தார். அதே தசைநாண் அறுந்தது. 2015இல் ஓய்வு பெற்றார். மிகச் சிறந்த மருத்துவ வசதிகள் வாய்த்தவருக்கும் தசைநாண் எத்துணை அரிய சோதனையாக அமைந்தது என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

நம் நாட்டினருள் கேரளத்தைச் சேர்ந்த நீளம் தாண்டும் வீரர் முரளி ஸ்ரீசங்கரை நோக்கலாம். அவர் 2024 ஏப்ரலில் பயிற்சியின்போது முழங்காலில் காயமுற்றார்; பாரிஸ் ஒலிம்பிக் வாய்ப்பை இழந்தார். அறுவை மருத்துவத்திற்கும் நீண்ட மீள்பயிற்சிக்கும் பின்னர், 2025 ஜூலையில் புனேயில் 8.05 மீட்டர் தாண்டி முதலிடம் பெற்றார். இடையில் கழிந்தவை ஏறத்தாழ 15 மாதங்கள்.

இதற்கு மாறாக ஒரு சான்றைச் சிலர் எடுத்துக்காட்டுவர். அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 1984இல் முழங்காலில் நுண்துளை அறுவை செய்துகொண்ட 17ஆம் நாளில் ஒலிம்பிக் தேர்வு மராத்தானில் வென்றார். அவ்வாண்டு ஆகஸ்டு 5இல் மகளிர்க்கென முதன்முறையாக நடத்தப்பெற்ற ஒலிம்பிக் மராத்தானிலும் 2 மணி 24 நிமிடம் 52 நொடியில் தங்கம் வென்றார். 'அவரால் முடிந்தது, நம்மால் முடியாதா?' என்பர். காயத்தின் இயல்பை நோக்காத ஒப்பீடு இது. அவருக்கு மூட்டின் இயக்கத்தைத் தடுத்த சிறு மடிப்பு அகற்றப்பட்டது. தடை நீங்கியதும் மூட்டு இயங்கிற்று. கீறல் விழுந்த எலும்போ, நலிந்த தசைநாணோ ஆறுவதற்கு அவர் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஒருவரின் நாட்கணக்கை மற்றவர் இரவல் பெறுதல் இயலாது. 'எத்தனை நாள்?' என்பதற்கு முன் 'எந்த உறுப்பு, எத்தகைய காயம்?' என்று கேட்பதே முறை.

ஓய்வும் அளவோடு

விரைந்து ஓடுதல் ஒரு பிழை எனில், அறவே படுத்திருத்தல் மற்றொரு பிழை. 1966இல் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், 20 வயதுடைய நலமிக்க இளைஞர் ஐவரை 3 வாரங்கள் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆய்ந்தனர். அவர்கள் உடல் உயிர்வளியைப் பயன்கொள்ளும் திறன் நான்கில் ஒரு பங்கிற்கு மேல் குறைந்தது. 30 ஆண்டுகள் கழித்து அதே ஐவரை மீண்டும் ஆய்ந்தபோது, 30 ஆண்டு முதுமை விளைத்த இழப்பைவிட அந்த 3 வாரப் படுக்கை விளைத்த இழப்பே பெரிது எனக் கண்டனர்.

காயம்பட்டவுடன் செய்ய வேண்டிய முதலுதவி பற்றிய கருத்தும் மாறி வருகிறது. ஓய்வு, பனிக்கட்டி ஒத்தடம், அழுத்தக் கட்டு, உயர்த்தி வைத்தல் என்னும் நான்கையும் அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் ஒரே தொடராக்கிப் பரப்பினார். 2014இல் அவரே, நெடுநேரப் பனிக்கட்டி ஒத்தடமும் முழு ஓய்வும் ஆறுதலைத் தாமதப்படுத்தலாம் எனத் தம் கருத்தைத் திருத்திக்கொண்டார். வலியைத் தணிக்கச் சிறிது நேரம் பனிக்கட்டி வைப்பதில் தவறில்லை. ஆனால் மருத்துவர் இசைந்தவுடன் வலி தராத இயக்கத்தைத் தொடங்குதல் நன்று. நீச்சல், மிதிவண்டி, இடுப்பளவு நீரில் நடத்தல் ஆகியன காலின்மீது மோதலின்றி மூச்சாற்றலைப் பேணும்.

குதிகால் தசைநாண் நலிவுக்கு வலுவூட்டும் பயிற்சியே சிறந்த மருந்து என்பது இன்று பரவலாக ஏற்கப்படுகிறது. சுவீடன் நாட்டின் ஆல்ஃபிரட்சன் குழுவினர் 1998இல் வெளியிட்ட ஆய்வில், நீண்டநாள் நலிவுற்ற ஓட்டக்காரர் 15 பேர் படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றிக் குதிகாலை மெல்லத் தாழ்த்தும் பயிற்சியை 12 வாரங்கள் நாள்தோறும் செய்தனர். 15 பேரும் முன்போல் ஓடும் நிலையை எய்தினர். காத்திருத்தல் என்பது சும்மா இருத்தல் அன்று என்பதற்கு இது தக்க சான்று.

ஓடத் தொடங்குமுன்

மருத்துவரோ இயன்முறை மருத்துவரோ இசைவு தந்த பின்னர், கீழ்க்காண்பவற்றை ஒருவர் தாமே சோதித்துப் பார்க்கலாம்.

1. விரைந்த நடையில் 30 நிமிடம் வலியின்றி நடக்க முடிகிறதா? மறுநாள் காலையிலும் வலியில்லையா?

2. காயமுற்ற இடத்தை விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? எலும்புக் காயமாயின் சிறு வலியும் இருத்தலாகாது.

3. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை 20 முறையேனும் உயர்த்தித் தாழ்த்த முடிகிறதா? மற்றைக் காலுக்கு அது நிகராக உள்ளதா?

4. படியிலிருந்து ஒற்றைக் காலால் மெல்ல இறங்கும்போது முழங்கால் உட்புறம் சாயாமல் நேராக நிற்கிறதா?

5. ஒற்றைக் காலில் 10 முறை சிறிதாகத் துள்ளும்போது வலியின்றித் துள்ள முடிகிறதா?

இவற்றுள் ஒன்றில் குறை இருப்பினும், மேலும் ஒரு வாரம் நடையையும் வலுவூட்டும் பயிற்சியையும் தொடர்தலே நன்று.

படிப்படியாக மீளுதல்

தொடக்கத்தில் நடையும் ஓட்டமும் கலந்து அமைய வேண்டும். முதற்படியில் 4 நிமிடம் நடை, 1 நிமிடம் மெல்லோட்டம் என 6 முறை செய்தால் 30 நிமிடம் ஆகும். இதில் ஓட்டம் 6 நிமிடமே. முற்கூறிய கணக்கின்படி ஒவ்வொரு கால்மீதும் விழும் ஓட்ட அடிகள் 2,400 அன்று, 480 மட்டுமே. சுமையை அளந்து கொடுத்தல் என்பது இதுவே.

இரண்டாம் படி 3 நிமிடம் நடை, 2 நிமிடம் ஓட்டம். மூன்றாம் படி 2 நிமிடம் நடை, 3 நிமிடம் ஓட்டம். நான்காம் படி 1 நிமிடம் நடை, 4 நிமிடம் ஓட்டம். ஐந்தாம் படி 30 நிமிடத் தொடர் மெல்லோட்டம். ஒரு நாள் ஓடினால் மறுநாள் ஓடலாகாது. ஒவ்வொரு படியிலும் குறைந்தது இரண்டு முறை இடரின்றி ஓடிய பின்னரே அடுத்த படிக்குச் செல்லலாம். வலி தோன்றினால் அது தணியும் வரை நிறுத்தி, முந்தைய படியிலிருந்து தொடங்க வேண்டும். முதலில் நேரம், பின்னர் தூரம், அதன் பின்னரே வேகம் என்பது வரிசை. மேடேறும் ஓட்டமும் விரைவோட்டமும் இறுதியில் வரவேண்டுவன. சமமான மண் தரையும், தேய்ந்து சாயாத காலணியும் தொடக்கத்தில் உதவும்.

வாரத்திற்கு 10 விழுக்காடு கூட்டலாம் என்னும் மரபுவழி விதி ஒன்று உண்டு. அதனை இறுதி உண்மையாகக் கொள்ளுதல் இயலாது. நெதர்லாந்தில் குரோனிங்கன் நகரில் புதிய ஓட்டக்காரரிடையே நடத்தப்பெற்று 2008இல் வெளிவந்த ஆய்வில், அவ்விதிப்படி மெல்லக் கூட்டியவருள்ளும் மற்றவருள்ளும் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் காயமுற்றனர், வேறுபாடு தோன்றவில்லை. 5,200க்கும் மேற்பட்ட ஓட்டக்காரரை ஆய்ந்து 2025இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு வேறொன்றைச் சுட்டிற்று. முந்தைய 30 நாள்களில் ஓடிய மிக நீண்ட தூரத்தைவிட ஒரே நாளில் 10 விழுக்காட்டிற்கு மேல் கூட்டி ஓடுவோருக்குக் காயம் நேரும் வாய்ப்பு மிகுகிறது. வாரக் கணக்கு ஒழுங்காக இருந்தும், ஒரு நாள் ஆர்வமிகுதியால் கெடுவதே பெரும்பான்மை எனலாம். போட்டி நாள் அத்தகைய நாள்தான்.

வலியை அளக்கும் முறை

வலியை 0 முதல் 10 வரை எண்ணால் அளக்கும் வழக்கம் உண்டு. தசையிலோ தசைநாணிலோ காயமுற்றவர் ஓடும்போது 2 வரையிலான சிறு வலி இருப்பின் தொடரலாம். தசைநாண் நலிவில் மருத்துவர் மேற்பார்வையில் 5 வரை பொறுக்கலாம் என்பாரும் உளர். ஆனால் அவ்வலி மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்குத் தணிய வேண்டும். வாரந்தோறும் கூடிச் செல்லலாகாது. ஓட்டத்தின் நடையே மாறி ஒருபுறம் சாய்ந்து ஓட நேர்ந்தால், எண் எதுவாயினும் நிறுத்திவிட வேண்டும். எலும்புக் காயத்திற்கு இச்சலுகை இல்லை. அங்கே 1 என்பதும் நிறுத்தற் குறியே.

வலி மாத்திரை உண்டு ஓடுதல் மிகப் பெரிய தீங்கு. எச்சரிக்கை மணியின் நாவை அறுத்துவிட்டு, மணி ஒலிக்கவில்லை என மகிழ்வதற்கு அது நிகராகும்.

கால் ஊன்றி 4 அடியும் நடக்க இயலாமை, இரவில் உறக்கத்தைக் கெடுக்கும் எலும்பு வலி, தொடையும் உடலும் சேரும் கவட்டுப் பகுதியில் ஓடும்போது எழும் வலி, கெண்டைக்காலில் திடீர் வீக்கம், மரத்துப்போதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் உடனே மருத்துவரை நாட வேண்டும். கவட்டு வலி தொடையெலும்பின் கழுத்துப் பகுதியில் விழுந்த கீறலாக இருக்கக்கூடும். அது முற்றும் முறிந்தால் அறுவையின்றித் தீராது.

உணவும் உறக்கமும்

ஓடுவதற்குச் செலவாகும் ஆற்றலை உணவு ஈடுசெய்யாவிடில் எலும்பு ஆறாது. 2014இல் அனைத்துலக ஒலிம்பிக் குழு இக்குறைபாட்டைத் தனியே எடுத்துரைத்து, ஆண் பெண் இருபாலாரையும் இது தாக்கும் எனத் தெளிவுபடுத்தியது. ஓடும் மாணவியருக்கு மாதவிலக்கு சில மாதங்கள் தொடர்ந்து தடைப்படுமாயின், அதனைப் பயிற்சியின் இயல்பான விளைவெனத் தள்ளிவிடலாகாது. அது எலும்பு மெலிவதன் முன்னறிகுறியாகலாம். நாணத்தால் மறைக்காமல் தாயிடமும் மருத்துவரிடமும் கூறுதல் வேண்டும். விடுதி மாணவருள் காலையுணவை விடுத்துப் பயிற்சிக்குச் செல்வோர் பலர். பால், தயிர், முட்டை, மீன், கேழ்வரகு, பயறு, கீரை ஆகியன எளிதிற் கிடைப்பன. இவற்றோடு நிறைந்த உறக்கமும் சேர்ந்தாலன்றிக் கட்டுமானப் பணி முற்றுப்பெறாது.

உடனிருப்போர் கடமை

முன்னர்க் கூறிய நான்காம் கூற்றிற்கு வருவோம். காயமுற்ற மாணவர் ஏன் விரைந்து ஓடுகிறார்? அறியாமை மட்டும் காரணம் அன்று. பெரும்பாலும் அஞ்சியே ஓடுகிறார். அணியில் இடம் போய்விடும் என்ற அச்சம். சலுகை நீங்கிவிடும் என்ற அச்சம். 'பொய் வலி' என நண்பர் நகைப்பர் என்ற அச்சம். தம்மை நம்பிப் படிக்க அனுப்பிய தந்தையின் முகம் வாடும் என்ற அச்சம். இவ்வச்சங்களை நீக்காமல், 'பொறுமையாக இரு' என்று அறிவுரை மட்டும் கூறுதல் பயனற்றது.

முற்காயமே அடுத்த காயத்திற்கு முதன்மையான காரணிகளுள் ஒன்று என்பதை விளையாட்டு மருத்துவம் வற்புறுத்துகிறது. ஒரு போட்டிக்காக ஒரு மாணவரை இழப்பது கல்லூரிக்கும் இழப்பே. ஆதலின் பெரியோர்க்கும் ஆசிரியர்க்கும் சிலவற்றை முன்வைக்கிறோம். காயமுற்றவர் மருத்துவச் சான்று தரின் அவ்வாண்டு அவர்தம் ஒதுக்கீட்டுச் சலுகை தொடர வேண்டும். களத்திலிருந்து விலக்காமல் நேரம் குறிப்பவராகவோ, இளையோர்க்கு உதவுபவராகவோ அவரை உடன் வைத்துக்கொள்ள வேண்டும். மீளும் நாளை உடற்கல்வி ஆசிரியரும் மருத்துவரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். போட்டி அட்டவணை முடிவு செய்தலாகாது. பெற்றோர் 'எப்போது ஓடுவாய்?' என்று கேட்பதினும் 'இன்று கால் எப்படி இருக்கிறது?' என்று கேட்டல் நன்று.

நிறைவுரை

அம்மாணவரை யாமே மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை, எம்.ஆர்.ஐ. படத்தில் கணைக்கால் எலும்பில் கீறல் தெரிந்தது. 12 நாள் கழித்து அவர் ஓடியிருந்தால் யாம் விழுந்தது போலவே விழுந்திருப்பார். செய்தி கேட்டு அவர் அழுதார். அவர் தந்தையும் கலங்கினார். துறைத்தலைவரும் உடற்கல்வி ஆசிரியரும் நிருவாகத்தாரிடம் எடுத்துரைத்தனர், சலுகை நிற்கவில்லை. போட்டி நாளில் அவர் நேரங்காட்டியுடன் கோட்டருகே நின்றார்.

பத்தாம் வாரத்தில் அவர் முதல் 1 நிமிடத்தை ஓடினார். அதே காலையில், அதே திடலில், 40 வயது கடந்த யாமும் அவருடன் 4 நிமிடம் நடந்து 1 நிமிடம் ஓடினோம். மருத்துவரிடம் கேட்டறிந்த பின்னரே அதனைச் செய்தோம் என்பதையும் கூறிவிடுகிறோம். இவ்வாண்டு அவர் 1500 மீட்டரில் மீண்டும் இறங்கினார், நான்காவதாக வந்தார். பரிசு இல்லை. ஆனால் ஓடி முடித்துத் தம் காலாலேயே நடந்து எம்மிடம் வந்தார்.

'நாளையிலிருந்து ஓடலாமா?' என்று கேட்கும் ஒவ்வொரு மாணவருக்கும் இனி எம் விடை இதுவே: ஓடலாம், ஆனால் வலி நின்ற நாளிலிருந்து அன்று, வலு திரும்பிய நாளிலிருந்து. அந்நாள் வரும் வரை அவர் காத்திருக்க இயலுமாறு செய்தல் நம் அனைவர் கடமையுமாம்.